1 எக்ஸாஸ்டோக்ஸ் என்பது நொடிக்கு 100 சதுர மெகாமீட்டரா, 10 கோடியா?

கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, அதை ஒருமுறை என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். கைனமேட்டிக் விஸ்காசிட்டி (பாகுநிலை) அலகுகளை மாற்றும் பயிற்சி ஒன்றில், 1 எக்ஸாஸ்டோக்ஸ் எத்தனை பெட்டாஸ்டோக்ஸ், நொடிக்கு எத்தனை சதுர மெகாமீட்டர் என்று கேட்டிருக்கிறார்கள். முதல் பாதியில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இரண்டாவதில் உங்களுக்கு 100 வந்திருக்கிறது, நண்பருக்கு 10 கோடி. நடுவே 10 லட்சம் மடங்கு வித்தியாசம். கடைசியில் கொஞ்சம் எரிச்சலோடு, "இவ்வளவு பெரிய அலகை யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா, இல்லை மாணவர்களைப் படுத்துவதற்கென்றே வைத்திருக்கிறார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். 1 எக்ஸாஸ்டோக்ஸ் = 1000 பெட்டாஸ்டோக்ஸ். நொடிக்கு 100 சதுர மெகாமீட்டர் என்ற உங்கள் கணக்குதான் சரி. எக்ஸாஸ்டோக்ஸ் என்ற பெயரை யாரும் வேலையில் உச்சரித்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்த அளவிலான பாகுநிலை உலகத்தில் இருக்கிறது, அதைவிடப் பெரியதும் இருக்கிறது. 1935-லேயே ஒருவர் அதைக் கணக்கிட்டு அச்சில் போட்டிருக்கிறார், அதுவும் இதே கைனமேட்டிக் அளவில். அதுதான் இதில் சுவையான பகுதி, கடைசியில் வருகிறேன்.

நான் எண்ணெயும் தாரும் பரிசோதிக்கும் கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன். சென்டிஸ்டோக்ஸ், அதாவது ஸ்டோக்ஸில் நூறில் ஒரு பங்கு, எனக்குத் தினசரிப் புழக்கம். ஆகவே அலகு மாற்றம், கண்ணாடிக் குழாய், தார் பற்றியெல்லாம் கைப்பழக்கத்தில் சொல்கிறேன். பனியாறு, பூமியின் உள்பகுதி பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அடிப்படை. ஒரு திரவத்தை நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்வது டைனமிக் விஸ்காசிட்டி. அதன் எஸ்ஐ (இன்றைய சர்வதேச முறை) அலகு பாஸ்கல்-நொடி, பழைய சிஜிஎஸ் (சென்டிமீட்டர்-கிராம்-நொடி முறை) அலகு பாய்ஸ். அதை அந்தத் திரவத்தின் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது கைனமேட்டிக் விஸ்காசிட்டி. வகுத்தபின் நிறை என்ற சமாச்சாரமே காணாமல் போய், நீளத்தின் இருபடியும் நேரமும் மட்டும் மிஞ்சும். அதனால்தான் அலகு "நொடிக்கு இத்தனை சதுர மீட்டர்" என்று, ஏதோ நிலம் அளப்பதுபோல் வருகிறது. சிஜிஎஸ் முறையில் நொடிக்கு 1 சதுர சென்டிமீட்டர் என்பது 1 ஸ்டோக்ஸ். 1 சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் இருப்பதால், 1 ஸ்டோக்ஸ் = நொடிக்கு 10⁻⁴ சதுர மீட்டர். இது வரையறை. இதில் தோராயம் எதுவும் கிடையாது.

அளவு பிடிபடுவதற்குச் சில எண்கள். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக்ஸ். ஜேசிபி போன்ற இயந்திரங்களின் ஹைட்ராலிக் அமைப்பில் ஊற்றும் 46 நம்பர் எண்ணெய், 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ். டப்பாவின் மேல் இருக்கும் 46 அதுதான், கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம் வரை அனுமதி உண்டு. இதில் ஒரு வேடிக்கை: அறை வெப்பநிலையில் காற்றின் கைனமேட்டிக் விஸ்காசிட்டி சுமார் 15 சென்டிஸ்டோக்ஸ், அதாவது தண்ணீரைப் போல 15 மடங்கு. பாதரசமோ 0.12-க்கும் குறைவு. காற்று தண்ணீரைவிடப் பிசுபிசுப்பானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. காற்றின் அடர்த்தி மிகக் குறைவு, பாதரசத்தின் அடர்த்தி மிக அதிகம், அடர்த்தியால் வகுத்ததன் விளைவு இது. பெரிய எண்களைப் பார்க்கும்போதும் இந்த வகுத்தல் பின்னால் இருக்கிறது என்பது மறந்துபோகக் கூடாது.

சரி, இப்போது மாற்றத்துக்கு வருவோம். இந்த மாதிரிக் கணக்கில் நேரடியாக ஒரு முன்னொட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். எதுவாக இருந்தாலும் முதலில் நொடிக்குச் சதுர மீட்டர் ஆக்குங்கள், அங்கிருந்து வேண்டியதற்குப் போங்கள். ஸ்டோக்ஸ் பக்கம் விதி எளிது: முன்னொட்டின் அடுக்கிலிருந்து 4 கழித்தால் போதும். மெகா என்றால் 6, எனவே 1 மெகாஸ்டோக்ஸ் நொடிக்கு 10² சதுர மீட்டர். கிகாஸ்டோக்ஸ் 10⁵, டெராஸ்டோக்ஸ் 10⁸, பெட்டாஸ்டோக்ஸ் 10¹¹, எக்ஸாஸ்டோக்ஸ் 10¹⁴. ஸ்டோக்ஸுக்குள்ளேயே மாற்றுவதென்றால் அடுக்குகளைக் கழித்தாலே விடை. எக்ஸாவிலிருந்து மெகாவுக்கு 18 கழித்தல் 6, ஆகவே 10¹² மடங்கு, அதாவது ஒரு லட்சம் கோடி.

மீட்டர் பக்கம்தான் உங்கள் நண்பர் சறுக்கியிருக்கிறார். சதுர மெகாமீட்டர் என்று சொல்லும்போது, மெகா என்பது மீட்டரோடு ஒட்டிக்கொண்டு ஒரே அலகு ஆகிவிடுகிறது. இருபடி அந்த முழு அலகுக்கும் சேர்த்துத்தான். மெகாமீட்டர் 10⁶ மீட்டர், அதன் இருபடி 10¹² சதுர மீட்டர். நண்பர் மெகாவைத் தனியே நிற்கவைத்து, இருபடியை மீட்டருக்கு மட்டும் கொடுத்து, "10 லட்சம் சதுர மீட்டர்" என்று எடுத்துக்கொண்டார். அவர் தவறவிட்டது இன்னொரு 10⁶. இரண்டு விடைக்கும் நடுவே உள்ள 10 லட்சம் மடங்கு அதேதான். எக்ஸாஸ்டோக்ஸ் 10¹⁴ சதுர மீட்டர், சதுர மெகாமீட்டர் 10¹² சதுர மீட்டர், வகுத்தால் 100.

இதை அவருக்குப் புரியவைக்க மெகாவெல்லாம் வேண்டாம், மனை விலை பேசுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கே போதும். 1 சதுர கிலோமீட்டர் என்பது 100 ஹெக்டேர், ஏறக்குறைய 247 ஏக்கர். கிலோ என்றால் ஆயிரம்தானே என்று 1000 சதுர மீட்டர் என எடுத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் 25 சென்ட் மனையாகச் சுருங்கிவிடும். அந்த விலைக்கு விற்க எந்த நிலத்தரகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஹெக்டேருமே இதே கதைதான்: ஹெக்டோமீட்டர் 100 மீட்டர், அதன் சதுரம் 10,000 சதுர மீட்டர், அதுவே 1 ஹெக்டேர்.

ஆகவே சுருக்கமான விதி: ஸ்டோக்ஸுக்கு முன்னால் வரும் முன்னொட்டு ஒருமுறை பெருக்கும், சதுரத்துக்குள் இருக்கும் மீட்டரின் முன்னொட்டு இருமுறை பெருக்கும். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 7.5 பெட்டாஸ்டோக்ஸ் என்பது 7.5 × 10¹⁵ ஸ்டோக்ஸ். 4 அடுக்கு குறைத்தால் நொடிக்கு 7.5 × 10¹¹ சதுர மீட்டர். சதுர கிலோமீட்டர் வேண்டுமென்றால் 10⁶-ஆல் வகுத்து 7.5 லட்சம். சதுர மெகாமீட்டர் வேண்டுமென்றால் 10¹²-ஆல் வகுத்து 0.75. கிலோமீட்டரிலிருந்து மெகாமீட்டருக்குப் போகும்போது எண் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவில்லை, 10 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது பாருங்கள். விடை எழுதியதும் இந்த ஒன்றைச் சரிபார்த்தால் போதும். அமெரிக்கப் புத்தகங்களில் நொடிக்குச் சதுர அடி என்று வரும். 1 சதுர அடி 0.09290304 சதுர மீட்டர், எனவே அது 929.0304 ஸ்டோக்ஸ். அங்கே முன்னொட்டுத் தொல்லை இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு குழி இருக்கிறது. பயிற்சித்தாளில் வராது, வேலையில் வரும். பாய்ஸையும் ஸ்டோக்ஸையும் எஸ்ஐ அலகுக்கு மாற்றும் காரணிகள் வேறு வேறு. 1 பாய்ஸ் 0.1 பாஸ்கல்-நொடி, அதாவது 10-ல் ஒரு பங்கு. 1 ஸ்டோக்ஸ் 10,000-ல் ஒரு பங்கு. சிஜிஎஸ் என்றால் இத்தனை மடங்கு என்று ஏதோ ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து, இரண்டுக்கும் அதையே போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விடை 1000 மடங்கு பிசகும். அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது? அடர்த்தியிலிருந்து. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்பது ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோ. பாஸ்கல்-நொடியில் இருக்கும் எண்ணை கிராம் கணக்கில் இருக்கும் அடர்த்தியால் வகுத்தாலும் இதே ஆயிரம் வந்து மாட்டிக்கொள்ளும். எண் சிறியதாக இருந்தால், தண்ணீருக்கு 1000 சென்டிஸ்டோக்ஸ் என்று வந்ததும் கண்ணில் உறுத்தும். 10¹⁷-க்குப் பதில் 10²⁰ என்று வந்தால் யாருக்கு உறுத்தும்? பெரிய அலகுகளில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். கணக்கு கடினம் என்பதால் தப்பு வருவதில்லை, தப்பு வந்தால் அடையாளம் தெரிவதில்லை.

எங்கள் கூடத்தில் இந்த இரண்டு அலகும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் வரும். சாலைக்குப் போடும் பிட்டுமினில் (தார்) விஜி-30 என்று ஒரு தரம் உண்டு. அதன் சான்றிதழில் 60 டிகிரியில் 2400 முதல் 3600 பாய்ஸ் இருக்க வேண்டும், 135 டிகிரியில் குறைந்தது 350 சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும் என்று இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, ஏன் ஒன்று பாய்ஸிலும் ஒன்று ஸ்டோக்ஸிலும் என்று. 135 டிகிரியில் தார் இளகி ஓடும், கண்ணாடிக் குழாயில் தன் எடையாலேயே இறங்கும். 60 டிகிரியில் அப்படி விட்டால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதனால் வாக்குவம் வைத்து உறிஞ்சி மேலே ஏற்றுகிறோம். தன் எடையால் ஓடினால் கிடைப்பது கைனமேட்டிக். வெளியிலிருந்து தெரிந்த அழுத்தம் கொடுத்து ஓட்டினால் கிடைப்பது டைனமிக். அளக்கும் விதமே அலகைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கண்ணாடி விஸ்காமீட்டர் என்பது U வடிவக் குழாய், ஒரு பக்கம் மெல்லிய நுண்குழல், அதன் மேல் ஒரு சிறு குமிழ், குமிழுக்கு மேலும் கீழும் பொறித்த இரண்டு கோடுகள். எண்ணெயை மேலே உறிஞ்சிவிட்டு, 40 டிகிரியில் நிற்கும் தொட்டியில் தொங்கவிட்டு, விளிம்பு மேல்கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, கீழ்க்கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். தொட்டியின் வெப்பநிலை 0.02 டிகிரிக்கு மேல் அசையக் கூடாது. குழாயின் மாறிலி (நொடிகளைப் பெருக்க வேண்டிய எண்) 0.1 என்றும் எண்ணெய் இறங்க 460 நொடி ஆனது என்றும் வைத்துக்கொள்ளுங்கள், விடை 46 சென்டிஸ்டோக்ஸ். வேலை முடிந்தது. தராசு வேண்டாம், அடர்த்தி வேண்டாம். ஏன்? எண்ணெயைக் கீழே தள்ளுவது அதன் எடை, அதில் அடர்த்தி இருக்கிறது. தடுப்பது டைனமிக் விஸ்காசிட்டி. தள்ளுவதையும் தடுப்பதையும் வகுக்கும்போது, அடர்த்தி விஸ்காசிட்டியோடு சேர்ந்து ஒரே எண்ணாக வெளியே வருகிறது. ஆக, புவியீர்ப்பு ஓட்டும் எந்த ஓட்டத்திலும் நேரத்தை மட்டும் அளந்தால் கையில் கிடைப்பது கைனமேட்டிக் விஸ்காசிட்டி.

இனி பெரிய எண்கள். பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-ல் தொடங்கிய சோதனை ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிட்ச் என்ற கெட்டித் தாரைச் சூடாக்கிப் புனலில் ஊற்றி, சில ஆண்டுகள் படியவிட்டு, 1930-ல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். சுத்தியால் அடித்தால் உடைந்து சிதறும் பொருள் அது. இருந்தும் சொட்டுகிறது. எட்டாவது சொட்டு 2000-லும், ஒன்பதாவது 2014-லும் பிரிந்தன. 1984-ல் அதிலிருந்து கணக்கிட்ட பாகுநிலை 2.3 × 10⁸ பாஸ்கல்-நொடி. அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1100 கிலோ என்று எடுத்தால் நொடிக்கு 2.1 × 10⁵ சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2 கிகாஸ்டோக்ஸ். சதுர கிலோமீட்டரில் சொன்னால் 0.2.

கண்ணாடி இதற்கும் மேலே போகும். கண்ணாடித் தொழிலில் உள்தகைவு நீங்கும்படி பதப்படுத்தும் வெப்பநிலையை, பாகுநிலை 10¹² பாஸ்கல்-நொடி ஆகும் இடம் என்றே குறிப்பிடுவார்கள். அடர்த்தி 2500 என்றால் 4 × 10⁸ சதுர மீட்டர், 4 டெராஸ்டோக்ஸ். பனியாற்றின் பனிக்கட்டிக்குப் பொதுவாகச் சொல்லும் 10¹³ முதல் 10¹⁴ வரையிலான மதிப்பில் மேல் எல்லையை எடுத்தால் ஏறக்குறைய 1 பெட்டாஸ்டோக்ஸ். இந்த மூன்றிலும் எனக்கு நம்பிக்கையுள்ள பகுதி அலகு மாற்றம் மட்டுமே. தார்ச் சொட்டு அறையின் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். பனிக்கட்டியோ, எவ்வளவு வலுவாக இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தே தன் பாகுநிலையை மாற்றிக்கொள்ளும். தகைவு இரட்டித்தால் நகரும் வேகம் ஏறக்குறைய 8 மடங்காகும். அப்படிப்பட்ட பொருளுக்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுப்பது வசதிக்காகத்தான்.

இப்போது 1935. நார்மன் ஹாஸ்கெல் என்ற அமெரிக்கப் புவி இயற்பியலாளர், ஸ்காண்டிநேவியா மேலெழுவதை எடுத்துக்கொண்டார். பனியுகத்தில் அந்தப் பகுதியை சில கிலோமீட்டர் தடிமனுள்ள பனிப்பாளம் அழுத்திக்கொண்டிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் போனது. எடை போன பின்னும் நிலம் உடனே எழவில்லை, மெல்ல மெல்ல எழுந்துகொண்டே இருக்கிறது. பால்டிக் கடலின் வடக்கே பாத்னியா வளைகுடாக் கரையில் இன்றும் ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்கிறது. பழைய கடற்கரைகள் இன்று மேட்டில் கிடக்கின்றன. அந்தக் கரைகளின் உயரத்தையும் வயதையும் வைத்து, கீழே இருக்கும் பாறை எவ்வளவு தடிப்பான திரவம்போல் நடந்துகொள்கிறது என்று அவர் கணக்கிட்டார். அவர் கொடுத்த விடை: கைனமேட்டிக் விஸ்காசிட்டி 3 × 10²¹ சிஜிஎஸ் அலகு என்ற அளவில். சிஜிஎஸ் அலகு என்றால் ஸ்டோக்ஸ். நம் வழக்கில் 3 கோடி கோடி கோடி ஸ்டோக்ஸ். உங்கள் அலகில் 3000 எக்ஸாஸ்டோக்ஸ், இன்னும் ஒரு படி மேலே போனால் 3 செட்டாஸ்டோக்ஸ். பாவம், அவர் காலத்தில் அந்தச் சொற்களே கிடையாது. பெட்டாவும் எக்ஸாவும் 1975-ல்தான் வந்தன, செட்டா 1991-ல்.

ஏன் அவர் பாய்ஸில் தராமல் இப்படித் தந்தார் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பனி அழுத்தி உண்டாக்கிய பள்ளத்தை நிரப்பப் பாறையைத் தள்ளுவது புவியீர்ப்பு. கண்ணாடிக் குழாயில் எண்ணெய் இறங்குவதும் ஸ்காண்டிநேவியா எழுவதும் ஒரே கணக்கு, ஸ்டாப்வாட்சுக்குப் பதில் கடற்கரை. இதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: பள்ளம் நிரம்ப எடுக்கும் காலம் = 4π × கைனமேட்டிக் விஸ்காசிட்டி ÷ (புவியீர்ப்பு முடுக்கம் × பள்ளத்தின் அகலம்). இங்கே காலம் என்பது, முதலில் இருந்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே மிஞ்சும்படி குறைய ஆகும் காலம், அகலம் என்பது அலைநீளம். அடர்த்தி எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். 3 × 10²¹ ஸ்டோக்ஸ் என்பது நொடிக்கு 3 × 10¹⁷ சதுர மீட்டர். அகலத்துக்கு 3000 கிலோமீட்டர், முடுக்கத்துக்கு 9.8 போட்டால் 1.28 × 10¹¹ நொடி வரும், ஏறக்குறைய 4000 ஆண்டுகள். 10,000 ஆண்டுக்குப் பின்னும் கொஞ்சம் எழுச்சி மிச்சம் இருப்பதற்கு இது ஒத்துப்போகிறது. இதே இடத்தில் அலகு மாற்றத்தில் 4 அடுக்கைக் கழிக்க மறந்து பாருங்கள், விடை 4 கோடி ஆண்டு ஆகிவிடும். நண்பருக்கு வந்த 10 லட்சம் மடங்குப் பிசகு இங்கே வந்திருந்தால் 400 கோடி ஆண்டு, பூமியின் வயதை நெருங்கிவிடும்.

டைனமிக் அளவில் வேண்டுமென்றால் அடர்த்தி 3300 போட்டுப் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 10²¹ பாஸ்கல்-நொடி, அல்லது 10²² பாய்ஸ். புவி இயற்பியலில் இன்று பெரும்பாலும் புழங்குவது இந்த 10²¹ பாஸ்கல்-நொடிதான். எண்ணைத் தலைகீழாக மாற்றும்போது 10²¹-ஐ 3300-ஆல் வகுத்து 3.0303 × 10¹⁷ என்று எழுதிவிடாதீர்கள். மூல மதிப்பே "இந்த அளவில்" என்ற ஒரு இலக்கக் கணக்கு. பூமிக்குள் இருக்கும் இந்தப் பாறை அடுக்கின் மேல்பக்க மென்மையான பகுதிக்கு இதைவிடக் குறைந்த மதிப்புகளும் ஆழத்துக்குக் கூடிய மதிப்புகளும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. மாற்றும் காரணி எத்தனை துல்லியமாக இருந்தாலும், மாற்றப்படும் எண்ணுக்கு இல்லாத துல்லியத்தை அது தந்துவிடாது.

இவ்வளவு பெரிய கைனமேட்டிக் எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பாடப்புத்தகத்தில் கைனமேட்டிக் விஸ்காசிட்டியை, திரவத்துக்குள் உந்தம் பரவும் வேகத்தின் அளவு என்று சொல்லித் தருவார்கள். தூரத்தின் இருபடியை அதனால் வகுத்தால் பரவும் நேரம் வரும். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அது அருமையாகப் பொருந்தும். அதையே பூமிக்குப் போட்டுப் பாருங்கள். மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறை அடுக்கு (மேன்டில்) சுமார் 2900 கிலோமீட்டர் தடிமன், இருபடி 8.4 × 10¹² சதுர மீட்டர், 3 × 10¹⁷-ஆல் வகுத்தால் 0.00003 நொடிக்கும் கீழே. அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கே 0.01 நொடி வேண்டும்! ஒளியை முந்தும் பாறை கிடையாது. அவ்வளவு குறுகிய நேரத்தில் பாறை திரவம்போல் நடந்துகொள்ளாது, திடப்பொருளாக அதிரும், நிலநடுக்க அலைகள் போவது அப்படித்தான். ஆகவே இந்த எண்ணை உந்தம் பரவும் வேகம் என்று படிக்கக் கூடாது. ஈர்ப்பு ஓட்டும் மெதுவான ஓட்டத்தின் காலத்தைக் கணக்கிடவும், வெப்பப் பரவலோடு ஒப்பிடவும் பயன்படுத்தலாம். பாறையின் வெப்பப் பரவல் கெழு நொடிக்கு 10⁻⁶ சதுர மீட்டர் அளவில் இருக்கும். இரண்டையும் வகுத்தால் 10²³ அளவில் வருவதுதான் பூமியின் பிராண்டில் எண். தண்ணீருக்கு அது அறை வெப்பநிலையில் 7 மட்டுமே.

கடைசியாக ஒன்று. இணையத்தில் தேடும்போது கடலுக்கும் விண்வெளிக்கும்கூட மெகாஸ்டோக்ஸ், பெட்டாஸ்டோக்ஸ் அளவு மதிப்புகளைப் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம். பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கடலோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் கிடைமட்டப் பாகுநிலையாக நொடிக்கு 10⁴ சதுர மீட்டர் வரை போடுவார்கள், அது 100 மெகாஸ்டோக்ஸ். கடல்நீரோ குழாய்த் தண்ணீரைப்போல 1 சென்டிஸ்டோக்ஸை ஒட்டியதுதான். கட்டத்துக்குள் அடங்கிவிடும் சுழல்கள் செய்யும் கலக்கத்தைப் பாகுநிலை என்ற பெயரில் கணக்கில் சேர்க்கிறார்கள். இளம் விண்மீனைச் சுற்றும் வாயுத் தட்டுக்கும் இப்படித்தான், ஸ்டோக்ஸில் 10¹⁴, 10¹⁵ என்று வரும், வாயுவோ மிக மெல்லியது. அலகு ஒன்றாக இருந்தாலும் இந்த எண்கள் பொருளின் பண்பு அல்ல, கலக்கத்தின் அளவு. தாரோடும் கண்ணாடியோடும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

பயிற்சித்தாளில் எழுதும்போது, 1 எக்ஸாஸ்டோக்ஸ் = 10¹⁸ ஸ்டோக்ஸ் = நொடிக்கு 10¹⁴ சதுர மீட்டர் = நொடிக்கு 100 சதுர மெகாமீட்டர் என்று நடுப்படியையும் சேர்த்து எழுதுங்கள். விடைத்தாளில் 10 கோடி என்று அச்சாகியிருந்தால், ஆசிரியரிடம் அந்த நடுப்படியைக் காட்டி, 1 சதுர கிலோமீட்டர் எத்தனை சதுர மீட்டர் என்று மட்டும் கேளுங்கள்.